செய்கூலி திரும்பாத வாத்தியம்

மின்கிட்டாரின் வரலாற்றை எழுதியவர்கள் அதை உருவாக்கியவர்களையும் வாசித்தவர்களையும் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். அது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும்போது என்ன விலைக்குப் போனது, ஏன் அந்த விலைக்குப் போனது என்ற கேள்வியை மட்டும் வியாபாரிகளிடம் விட்டுவிட்டார்கள். தம் கை அளவுக்கும் காதுக்கும் ஏற்றபடி, மரத்தின் வகை முதல் கம்பியை முறுக்கும் திருகாணி வரை தாமே சொல்லி, தனிக் கைவினைஞர் ஒருவரிடம் மாதக்கணக்கில் காத்திருந்து ஒருவர் செய்வித்த கிட்டார், மறுவிற்பனைக்கு வரும்போது பெரும்பாலும் போட்ட பணத்தில் ஒரு பகுதியையே திருப்பித் தருகிறது. ஆனால் ஆலையில் ஒரே அச்சில் செய்யப்பட்டு, கடைச் சுவரில் தொங்கி, யாரோ ஒருவரால் வாங்கப்பட்ட கிட்டார்களில் சில, முதலில் விற்ற விலையைப் போல ஆயிரம் மடங்கைத் தொட்டிருக்கின்றன. தனக்கென்று செய்தது மலிவாகவும், எல்லாருக்கும் பொதுவாகச் செய்தது அரிதாகவும் ஆன இந்தத் தலைகீழ் நிலை இயல்பாக அமைந்ததன்று. 1940களின் கலிபோர்னியாவில் தொடங்கி அரை நூற்றாண்டில் படிப்படியாக உருவானது.

தங்க நகையை விற்கப் போகிறவருக்குச் செய்கூலியும் சேதாரமும் திரும்பக் கிடைப்பதில்லை என்பது தமிழ் வீடுகள் அனைத்தும் அறிந்த கணக்கு. ஆயினும் அங்கே எடைக்குரிய பொன்னின் விலையாவது மிஞ்சும். மின்கிட்டாரில் அப்படி உருக்கி எடுக்கப் பொன் எதுவும் இல்லை. சில கிலோ மரம், கொஞ்சம் எஃகுக் கம்பி, கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பிக்கப் எனப்படும் காந்தச் சுருள்கள், இரண்டு மூன்று குமிழ்கள் ஆகியவற்றைப் பிரித்தெடுத்தால் வரும் தொகை, முழு வாத்தியத்தின் விலையில் சிறு பங்குதான். தனிப்பட்ட முறையில் செய்வித்த கிட்டாருக்கு ஒருவர் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி கைவினைஞரின் நேரத்துக்கும் திறமைக்கும் உரிய கூலியே. அந்தக் கூலியை அடுத்த வாங்குபவர் தம் பையிலிருந்து மறுபடி கொடுக்க முன்வர வேண்டுமானால், அதற்கு வேலைப்பாட்டின் தரத்துக்கு அப்பாலும் ஒரு காரணம் தேவைப்படுகிறது. அந்தக் காரணம் காலந்தோறும் எதுவாக இருந்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1930களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜார்ஜ் போஷாம்ப் வடிவமைத்து, அடால்ஃப் ரிக்கன்பேக்கரின் நிறுவனம் விற்ற வட்டத் தட்டு போன்ற வார்ப்பு அலுமினிய வாத்தியமே சந்தைக்கு வந்த முதல் மின்கிட்டார்களுள் குறிப்பிடத்தக்கது. மடியில் படுக்க வைத்து வாசிக்கும் ஹவாய் பாணிக்கு உரிய அது, வேண்டியவருக்கு வேண்டியபடி செய்யப்பட்ட பொருளன்று. அந்த வழக்கத்தை மின்கிட்டாருக்குள் கொண்டுவந்தவர் பால் பிக்ஸ்பி. மோட்டார் சைக்கிள் பந்தயக்காரராகவும், வார்ப்படங்களுக்கு அச்சு செதுக்கும் தொழிலாளியாகவும் இருந்த அவர், கலிபோர்னியாவின் டவுனி நகரில் தம் பட்டறையில், 1948இல் நாட்டுப்புறப் பாடகர் மெர்ல் டிராவிஸ் வரைந்து கொடுத்த யோசனையின்படி ஒல்லியான உடல் கொண்ட மின்கிட்டார் ஒன்றைச் செய்தார். கம்பி முறுக்கும் ஆறு திருகாணிகளும் தலையின் ஒரே பக்கத்தில் அமைந்த அந்த வாத்தியத்தின் மீது டிராவிஸின் பெயரே பெரிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருந்தது. பிக்ஸ்பி செய்தவை மிகச் சில. வாங்கியவர்கள் பெரும்பாலும் வானொலியிலும் நடன அரங்குகளிலும் பெயர் பெற்றிருந்த மேற்கத்திய நாட்டுப்புற இசைக்காரர்கள். அவர்களுக்குத் தம் பெயர் பொறித்த கிட்டார் ஒருவகை விளம்பரப் பலகையாகவும் பயன்பட்டது. அதை விற்க நேரும் நாளைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பழைய மின்கிட்டாருக்குத் தனிச் சந்தை என்ற ஒன்றே அன்று இல்லாததால், கவலைப்படுவதற்கான முகாந்திரமும் இல்லை.

டவுனிக்குச் சில மைல் தொலைவில் ஃபுல்லர்டன் நகரில் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் எதிர்த்திசையில் சிந்தித்தார். அவர் கிட்டார் வாசிக்கத் தெரிந்தவரல்லர். அதனாலேயே போலும், வாத்தியத்தை அவரால் பாகம் பாகமாகக் கழற்றிப் பார்க்க முடிந்தது. 1950இல் வெளிவந்து, 1951இல் டெலிகாஸ்டர் என்று பெயர் மாற்றப்பட்ட அவருடைய கிட்டாரில், கழுத்து எனப்படும் நீண்ட பகுதி உடலோடு பசையால் ஒட்டப்படாமல் நான்கு திருகாணிகளால் முடுக்கப்பட்டது. தேய்ந்துபோன கழுத்தை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்திக்கொள்ளலாம். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பட்டியல் விலை, கம்பிகளைத் தளர்த்தி ஒலியை நடுங்க வைக்கும் கருவியோடு சேர்த்து 249.50 டாலர். ஒவ்வொன்றும் மற்றொன்றைப் போலவே இருக்க வேண்டும் என்பதே இந்த முறையின் உயிர்நாடி. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் பழைய முறைப்படி மேப்பிளையும் மகோகனியையும் ஒட்டிச் செய்துவந்த கிப்சன் நிறுவனமும் 1952இல் லெஸ் பால் என்ற இசைக்கலைஞரின் பெயரில் திண்ம உடல் கிட்டார் ஒன்றை வெளியிட்டு இதே போட்டியில் இறங்கியது.

பிற்காலச் சந்தையின் அளவுகோலாக ஆனவை இந்த இரு ஆலைகளின் 1950களின் சரக்குகளே. ஆனால் அவை வெளிவந்த நாளில் அப்படி யாரும் எண்ணவில்லை. சிவப்பும் மஞ்சளும் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கரைந்துவரும் பூச்சோடு 1958 முதல் 1960 வரை கிப்சன் செய்த லெஸ் பால் ஸ்டாண்டர்ட் கிட்டார்கள் ஏறத்தாழ 250 டாலருக்கு விற்றும் போதிய வாங்குவோரைப் பெறாததால் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டுகளில் அம்பு முனை போன்ற வடிவில் வந்த ஃப்ளையிங் வி நூறு எண்ணிக்கையைக்கூட எட்டவில்லை. 1960களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் எரிக் கிளாப்டனும் அமெரிக்காவில் மைக் புளூம்ஃபீல்டும் ஒலிபெருக்கியை அதன் எல்லைக்கு மேல் முடுக்கி, கைவிடப்பட்ட அந்த லெஸ் பாலை வாசித்த பின்பே, அதில் இருந்த கனத்த ஒலி பிறருக்கும் தேவைப்பட்டது. ஆலையோ அதைச் செய்வதை நிறுத்திவிட்டிருந்தது. ஆகவே தேவைப்பட்டவர்கள் அடகுக் கடைகளையும் பழைய சாமான் கடைகளையும் தேடிப் போனார்கள். பழைய மின்கிட்டார் புதியதைவிட விலை கூடுதலாக இருக்கலாம் என்ற எண்ணம் பிறந்த இடம் இதுவே.

அந்த எண்ணத்துக்கு இன்னொரு காரணமும் விரைவில் சேர்ந்தது. 1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் தம் நிறுவனத்தை சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். அதன்பின் உற்பத்தி பெருகித் தரம் தாழ்ந்தது என்று இசைக்கலைஞர்கள் குறைகூறத் தொடங்க, சிபிஎஸ்ஸுக்கு முந்தையது, பிந்தையது என்று கிட்டார்களை இரண்டாகப் பிரிக்கும் பழக்கம் உருவாகி, இன்றுவரை விலையைத் தீர்மானித்து வருகிறது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1985இல், நிறுவனத்தின் நிர்வாகிகள் சேர்ந்து சிபிஎஸ்ஸிடமிருந்து அதைத் திரும்ப வாங்கியபோது கொடுத்த தொகை 1 கோடியே 25 லட்சம் டாலர். இடைப்பட்ட பணவீக்கத்தையும் கணக்கில் கொண்டால், கிட்டார் வரலாற்றின் மிக மோசமான மறுவிற்பனை ஒரு கிட்டாருடையதன்று, அதைச் செய்த நிறுவனத்துடையது என்று சொல்வதில் தவறில்லை.

1970இல் நாஷ்வில்லில் கடை திறந்த ஜார்ஜ் கிரூன் போன்ற வியாபாரிகள் இந்தப் புதிய ஆசைக்கு ஒழுங்கான இலக்கணம் வகுத்தார்கள். வரிசை எண், கழுத்தின் அடியில் பென்சிலால் எழுதப்பட்ட தேதி, குமிழ்களின் அடியில் உள்ள மின்பாகங்களில் அச்சிட்ட குறியீடு, பற்றவைப்பு எவரும் தொடாததா என்ற ஆய்வு ஆகியவற்றால் ஒரு கிட்டார் ஆலையை விட்டுப் புறப்பட்ட நிலையிலேயே இருக்கிறதா என்று தீர்மானிப்பது இந்தத் தொழிலின் மையமாயிற்று. மேல்பூச்சை உரித்து மறுபடி பூசிய பழைய கிட்டார், பூசாததன் விலையில் ஏறத்தாழப் பாதிதான் பெறும் என்பது வியாபாரிகளிடையே எழுதப்படாத விதி. அந்த மறுபூச்சு முதல் பூச்சைவிட நேர்த்தியாக இருந்தாலும் விதி மாறுவதில்லை. இதோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது நிறங்களின் கதை. 1950களின் நடுப்பகுதியிலிருந்து ஃபெண்டர், கூடுதலாக 5 விழுக்காடு கொடுப்பவர்களுக்கு, கார்களுக்கென்று டுபான்ட் நிறுவனம் தயாரித்த சாயங்களில் விரும்பிய நிறத்தைப் பூசிக் கொடுத்தது. வாங்கியவரின் தனி விருப்பத்தால் வந்த மாறுதல்தான் அதுவும். ஆனால் ஆலையிலேயே பூசப்பட்டது, பட்டியலில் பெயர் உள்ளது என்பதால், அந்த நிறங்களில் உள்ள பழைய ஃபெண்டர்கள் வழக்கமான பூச்சுள்ளவற்றைவிட மிக உயர்ந்த விலைக்குப் போகின்றன. அதே நீலத்தை உரிமையாளர் தம் ஊர்ப் பட்டறையில் பூசச் செய்திருந்தால் பாதி விலை போய்விடும். ஆசை ஒன்றே, சாயமும் ஒன்றே. சந்தை பார்ப்பது அது எந்தக் கூரையின் கீழ் நிறைவேறியது என்பதை.

இந்த இலக்கணம் இறுகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் தனிக் கைவினைஞர்களின் மறுமலர்ச்சியும் நடந்தது. 1969இல் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில், கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் ஒலித் தேவைகளை ஒட்டித் தோன்றிய அலெம்பிக் நிறுவனத்தில், மின்னணுப் பொறியாளர் ரான் விக்கர்ஷாமும் கிட்டார் செய்பவரான ரிக் டர்னரும், அபூர்வ மரங்களை அடுக்கடுக்காக ஒட்டி, உள்ளேயே ஒலிபெருக்கும் மின்சுற்று பொருத்திய வாத்தியங்களைச் செய்தார்கள். ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழுவின் ஜாக் கசடிக்காக 1972இல் அவர்கள் செய்து முடித்த முதல் பேஸ் கிட்டாரின் செலவு 4,000 டாலரைத் தாண்டியதாகச் சொல்லப்படுகிறது. நல்ல ஆலைக் கிட்டார் சில நூறு டாலருக்குக் கிடைத்த காலம் அது. ஆலைகள் தரம் தாழ்ந்துவிட்டன என்று நம்பிய தலைமுறைக்கு, இத்தகைய வாத்தியங்களே எதிர்காலத்தின் செல்வமாகத் தோன்றியிருக்க வேண்டும். அந்த எதிர்பார்ப்பு எவ்வாறு நிறைவேறியது, எவ்வாறு பொய்த்தது என்பதை அலெம்பிக் பட்டறையில் வேலை செய்து பிறகு தனியே போன டக் இர்வினின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஜெர்ரி கார்சியா, இர்வின் செய்த கிட்டார் ஒன்றைப் பார்த்து வாங்கிய பிறகு, தமக்கென்று வேறொன்றைச் செய்யச் சொன்னார். உல்ஃப் என்று பின்னாளில் பெயர் பெற்று, 1973இல் அவர் கைக்கு வந்த அந்தக் கிட்டாரின் விலை 1,500 டாலர். அடுத்ததாக, செலவையும் காலத்தையும் பொருட்படுத்தாமல் தமக்குத் தெரிந்த அனைத்தையும் கொண்டு ஒன்று செய்யும்படி கார்சியா கேட்க, இர்வின் ஆறு ஆண்டுகளை எடுத்துக்கொண்டு 1979இல் ஒப்படைத்ததே டைகர். கொக்கோபோலோ என்ற செந்நிற மரத்தையும் மேப்பிளையும் மாற்றி மாற்றி ஒட்டி, பித்தளைத் தகடுகளும் புலி உருவப் பதிப்பும் சேர்த்த அது ஆறு கிலோ எடையுள்ளது; நின்றுகொண்டு மூன்று மணி நேரம் வாசிப்பவருக்கு அது வாத்தியம் மட்டுமன்று, சுமையுமாகும். அதற்கு கார்சியா கொடுத்தது 6,000 டாலருக்குச் சற்றுக் குறைவான தொகை. இர்வினின் உழைப்பு நேரத்தால் அதை வகுத்தால் கிடைக்கும் கூலி, அன்றைய தச்சரின் கூலியை எட்டியிருக்குமா என்பதே ஐயம்.

1995 ஆகஸ்டில் கார்சியா இறந்தபோது, இர்வின் செய்த கிட்டார்கள் இர்வினுக்கே சேர வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தது தெரியவந்தது. அவை குழுவின் பொதுப்பணத்தில் வாங்கப்பட்டவை, ஆதலால் கார்சியாவின் தனிச்சொத்தல்ல என்று எஞ்சிய உறுப்பினர்கள் மறுத்தார்கள். வழக்காகவும் வாதமாகவும் நீண்ட அந்தப் பிணக்கு, உல்ஃப், டைகர் இரண்டும் இர்வினுக்கு என்ற உடன்பாட்டில் முடிந்தது. 2002 மே மாதம் நியூயார்க்கில் அவற்றை அவர் ஏலத்துக்கு விட்டபோது, கட்டணங்கள் உட்பட டைகர் 9,57,500 டாலருக்கும் உல்ஃப் 7,89,500 டாலருக்கும் போயின. உல்ஃப் 2017இல் அறப்பணி ஒன்றுக்காக மறுபடி ஏலத்துக்கு வந்து 19 லட்சம் டாலரைப் பெற்றது. செய்த கூலியைக் கைவினைஞரே பல மடங்காகத் திரும்பப் பெற்ற நிகழ்வு இந்தத் தொழிலின் வரலாற்றில் வேறு உண்டா என்பது கடினமான கேள்வி. ஆயினும் அந்தத் தொகை கொக்கோபோலோவுக்கோ பித்தளைக்கோ ஆறு ஆண்டு உழைப்புக்கோ கொடுக்கப்பட்டதன்று; பல்லாயிரம் ரசிகர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரவுகளில் பார்த்தும் கேட்டும் பழகிய கை ஒன்று அதன் மீது இருந்தது என்பதற்கே கொடுக்கப்பட்டது. இர்வின் வேறு வாடிக்கையாளர்களுக்குச் செய்த கிட்டார்களின் விலையும் இந்த ஏலத்தின் நிழலில்தான் உயர்ந்ததே தவிர, தனியே நின்று உயர்ந்ததாகச் சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் இதே நிலை சற்று வேறு வடிவில் அமைந்தது. லிதுவேனியக் குடும்பத்தில் 1935இல் லண்டனில் பிறந்து, மரச்சாமான் செய்யும் பயிற்சி பெற்ற டோனி ஜெமைடிஸ், மின் இரைச்சலைத் தடுப்பதற்காகக் கிட்டாரின் முகப்பில் உலோகத் தகடு ஒன்றைப் பொருத்தினார். துப்பாக்கிகளில் சித்திரம் பொறிக்கும் தொழிலாளியான டேனி ஓ'பிரையன் அந்தத் தகட்டில் கொடியும் பூவும் பொறித்தார். மேடை விளக்கில் கண்ணைப் பறித்த அந்த வாத்தியங்களை ரான் வுட், கீத் ரிச்சர்ட்ஸ் முதலியோர் வாங்க, தொலைவிலிருந்து பார்த்தாலே இது யார் செய்தது என்று தெரியும் நிலை உண்டாயிற்று. ஜெமைடிஸ் 2002இல் இறந்தார். விலைகள் ஏறின, போலிகள் வந்தன, பெயரின் உரிமையைப் பெற்ற ஜப்பானிய நிறுவனம் ஒன்று அதே தோற்றத்தில் கிட்டார்களை வெளியிட்டது. போலி செய்யப்படும் அளவுக்கு ஒரு தனிக் கைவினைஞரின் வேலை பெயர் பெறுவது அபூர்வம். பிக்ஸ்பி, இர்வின், ஜெமைடிஸ் மூவரையும் சேர்த்துப் பார்க்கும்போது, மறுவிற்பனையில் நிலைத்த கைவினைஞர்களின் பொதுப்பண்பு திறமை மட்டுமன்று என்பது விளங்குகிறது. அவர்களைவிடத் திறமை குறையாத பலருடைய வாத்தியங்கள் இன்று பெயர் தெரியாத கிட்டார் என்ற தலைப்பின் கீழ் விற்கப்படுகின்றன. கையொப்பம் போலப் பார்த்ததும் புரியும் வடிவமும், அதை மேடையேற்றிய பெயரும் சேர்ந்தபோதுதான் செய்கூலி அடுத்தவர் கணக்குக்கு மாறியது.

லியோ ஃபெண்டரின் திருகாணிக் கழுத்து, அவர் எதிர்பாராத இன்னொரு வழியையும் திறந்தது. 1970களின் பிற்பகுதியிலிருந்து ஷெக்டர், பூகி பாடீஸ், வார்மத் போன்ற கலிபோர்னிய, வாஷிங்டன் மாநிலப் பட்டறைகள் உடல், கழுத்து, பிக்கப் என்று பாகங்களைத் தனித்தனியே விற்க, பட்டறையும் பயிற்சியும் இல்லாதவரும் தமக்கு வேண்டியபடி கிட்டார் பூட்டிக்கொள்ள முடிந்தது. இவற்றில் புகழ்பெற்றது, 50 டாலர் உடலையும் 80 டாலர் கழுத்தையும் வாங்கி, பழைய கிப்சன் ஒன்றிலிருந்து கழற்றிய பிக்கப்பைப் பொருத்தி, ஒட்டுத்தாளால் மறைத்துக் கோடு கோடாகச் சாயம் தெளித்து கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் உருவாக்கிய ஃபிராங்கன்ஸ்டைன். இத்தகைய பாகக் கிட்டார்கள் சாதாரணமாக மறுவிற்பனையில் மிகத் தாழ்ந்த நிலையில் இருப்பவை. முழுதாக விற்பதைவிடப் பிரித்து விற்றால் கூடுதல் பணம் வரும் என்று வியாபாரிகளே அறிவுரை சொல்வதுண்டு, ஏனெனில் பெயருள்ள பிக்கப்புக்கும் கம்பிகளைத் தாங்கும் பெயருள்ள பாலத்துக்கும் தனி விலை உண்டு, அவற்றைச் சேர்த்தவருக்குப் பெயர் இல்லை. ஆனால் 2007இல் ஃபெண்டர் நிறுவனம், வான் ஹேலனின் வாத்தியத்தைக் கீறல், எரிந்த தழும்பு, ஒளிப் பிரதிபலிப்பான் உட்பட அப்படியே நகலெடுத்து, 300 பிரதிகளை ஒவ்வொன்றும் 25,000 டாலர் விலையில் விற்றது. பாகங்களைச் சேர்த்துத் தன் விருப்பப்படி செய்த கிட்டாரை விற்க முடியாது. வேறொருவர் தம் விருப்பப்படி செய்ததை ஆலை நகலெடுத்தால் விற்கலாம்.

அந்த நகலைச் செய்த பிரிவின் தோற்றமே இந்த வரலாற்றின் திருப்புமுனை. 1987இல் ஃபெண்டர், கலிபோர்னியாவின் கொரோனா நகரில், ஜான் பேஜ், மைக்கேல் ஸ்டீவன்ஸ் என்ற இருவரைக் கொண்டு தனிக் கட்டளைகளுக்கான பட்டறை ஒன்றைத் தொடங்கியது. பெயருள்ள இசைக்கலைஞர்களுக்குச் சிலவற்றைச் செய்து கொடுப்பதே தொடக்க நோக்கமாயினும், கட்டளைகள் எதிர்பார்த்ததை மீறிக் குவிந்தன. கிப்சனும் 1990களில் இதே வழியில் தனிப் பிரிவை நிறுவியது. தனிக் கைவினைஞரிடம் இல்லாத ஒன்று இப்பட்டறைகளிடம் இருந்தது. தலையில் பொறித்த பழைய பெயரும், கையொப்பமிட்ட சான்றிதழும், பதிவேட்டில் தேடிப் பார்க்கத்தக்க வரிசை எண்ணும் அவை. வாங்குபவர் தம் விருப்பத்தைச் சொல்லலாம், ஆனால் 1950களின் வடிவங்களுக்கு வெளியே அதிகம் போக முடியாது. அந்த வேலியே மறுவிற்பனைக்குப் பாதுகாப்பாயிற்று. 1995இலிருந்து வின்ஸ் குனெட்டோ என்பவரின் கைவண்ணத்தில், புதிய கிட்டாரின் பூச்சைத் தேய்த்து, உலோகத்தைக் கறுக்கச் செய்து, நாற்பது ஆண்டு வாசித்தது போலக் காட்டும் ரெலிக் வகைகளையும் ஃபெண்டர் விற்கத் தொடங்கியது. வாங்குவோர் பிறர் தேய்த்த தேய்மானத்துக்குக் கூடுதல் விலை கொடுத்தார்கள். தாமே தேய்த்த தேய்மானத்துக்கோ விற்கும்போது விலை குறைக்கப்பட்டது. நகைப்புக்கு இடமான இந்த நிலையைத் தொழில் இன்றும் முகம் சுளிக்காமல் பின்பற்றி வருகிறது.

தனிக் கைவினைஞராகத் தொடங்கி ஆலையானவர்களின் முதற்கால வேலைகள் இந்த இரு உலகங்களுக்கும் இடையில் நிற்கின்றன. மேரிலாந்தின் அனாபொலிஸ் நகரில் 1970களில் ஒவ்வொன்றாகக் கிட்டார் செய்து, இசைக்குழுக்களின் மேடைப் பின்புறம் சென்று காட்டிய பால் ரீட் ஸ்மித், கார்லோஸ் சாந்தனா போன்றோரை வாடிக்கையாளராகப் பெற்று, 1985இல் ஆலை தொடங்கினார். ஆலைக்கு முற்பட்ட அவருடைய கிட்டார்கள் இன்று சேகரிப்போர் தேடும் பொருள்கள். கலிபோர்னியாவின் சான் டிமாஸ் முகவரி பொறித்த கழுத்துத் தகடுள்ள 1980களின் ஷார்வெல் கிட்டார்களும் அவ்வாறே. பெரும்பாலும் வாடிக்கையாளர் சொன்ன நிறத்திலும் அமைப்பிலும் செய்யப்பட்ட அவற்றின் விலையை இன்று தாங்கி நிற்பது ஓர் ஊரின் பெயர். மினியாபொலிஸ் நகரக் கடை ஒன்றில் டேவ் ரூசன் 1983இல் பாடகர் பிரின்ஸுக்காகச் செய்த சுருள் கொம்புக் கிட்டாரின் பிரதிகள் சில இருந்தன. அவற்றுள் நீல நிறம் பூசிய ஒன்று 2020இல் 5,63,500 டாலருக்கு ஏலம் போனது. அது செய்யப்பட்ட கடையின் பெயரை, ஏலச் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

பெயர் பெறாத இசைக்கலைஞர், பெயர் பெறாத கைவினைஞர் என்ற இருவருக்கிடையே உருவாகும் கிட்டாரின் நிலைதான் இவற்றுள் மிகப் பரவலானது. ஏழு கம்பி, வழக்கத்தைவிட நீண்ட கழுத்து, கழுத்தின் பன்னிரண்டாம் கட்டத்தில் சிப்பியால் பதித்த உரிமையாளரின் பெயர் என்று ஒவ்வொரு தனி விருப்பமும் அடுத்து வாங்கக்கூடியவர்களின் எண்ணிக்கையைச் சுருக்குகிறது. டிராவிஸின் பெயர் அவருடைய பிக்ஸ்பியை நாஷ்வில் நகரின் நாட்டுப்புற இசை அருங்காட்சியகம் வரை கொண்டுசென்றது. வேறொருவர் பெயரோ விற்பனைக்குமுன் மறைக்கப்பட வேண்டிய குறையாகிறது. விதிவிலக்கு ஒன்று உண்டு. ஒரு கைவினைஞரிடம் காத்திருப்போர் வரிசை ஆண்டுக்கணக்கில் நீண்டுவிட்டால், வரிசையைத் தாண்டிச் செல்ல விரும்புகிறவர்கள் கைமாறிய கிட்டாருக்குப் புதியதன் விலையையோ அதற்கு மேலோ கொடுப்பார்கள். வரிசை குறைந்ததும் அந்தக் கூடுதலும் மறைந்துவிடும். இதை உணர்ந்த சிறு கைவினைஞர்கள் பலர், எதையும் செய்து தருவோம் என்ற பழைய நிலையைக் கைவிட்டு, இரண்டு மூன்று வடிவங்களோடும் குறுகிய தெரிவுப் பட்டியலோடும் நின்றுவிட்டார்கள். செய்வது ஒருவரேயானாலும் தோற்றம் ஆலையினுடையது.

அண்மைக் காலத்தில் மறுவிலையில் தலையிட்டிருக்கும் மற்றொன்று மரங்கள் பற்றிய சட்டம். கைவினைஞர்கள் பெருமையோடு குறிப்பிட்டுவந்த பிரேசில் ஈட்டி, அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் 1992இல் சேர்க்கப்பட்டது. பிரேசில் 1960களின் இறுதியில் அறுக்கப்படாத மரங்களின் ஏற்றுமதியை நிறுத்தியதிலிருந்தே கிட்டார்த் தொழில் தென்னிந்திய ஈட்டிக்கு மாறியிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளில் வளர்ந்த, தமிழில் தோதகத்தி என்றும் வழங்கும் அந்த மரமே இன்று உலகின் பல கிட்டார்களின் விரல் பலகையாக, அதாவது விரல்கள் கம்பியை அழுத்தும் மேற்பரப்பாக, அமைந்திருக்கிறது. 2011இல் இந்தியாவிலிருந்து வந்த ஈட்டி, கருங்காலித் துண்டுகளின் ஏற்றுமதி ஆவணங்கள் பற்றிய ஐயத்தில் கிப்சன் ஆலைகளை அமெரிக்க அதிகாரிகள் சோதனையிட்டது அங்கே அரசியல் விவாதமாகவே ஆயிற்று. 2017 ஜனவரியில் ஈட்டிப் பேரினம் முழுவதும் சைட்ஸ் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, ஈட்டி மரம் கொண்டு எல்லை தாண்டி விற்கப்படும் ஒவ்வொரு கிட்டாருக்கும் ஆவணம் தேவைப்பட்டது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டு அந்தச் சுமை நீங்கியது. அந்த விலக்கு பிரேசில் ஈட்டிக்குப் பொருந்தாது. ஆகவே அந்த மரத்தைத் தேடிப் பிடித்துக் கழுத்தாகவும் விரல் பலகையாகவும் வைக்கச் சொன்னவர்களின் கிட்டார்கள், மரம் எப்போது வெட்டப்பட்டது என்பதற்கான சான்று கையில் இல்லாவிட்டால், செய்யப்பட்ட நாட்டுக்குள்ளேயே வாங்குபவரைத் தேட வேண்டியிருக்கிறது.